பதவி உயர்வை நாடுவது அறமாகுமா?

பொது நிர்வாகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவருக்குப் பதவி உயர்வு இயல்பான எதிர்பார்ப்பு. பட்டத்தோடு பணியில் சேர்பவரும், பணியில் இருந்தபடியே அஞ்சல்வழியில் படித்து முடிப்பவரும் இந்த எதிர்பார்ப்பில் ஒன்றுபடுகிறார்கள். ஆனால் அவர்கள் தேர்ந்த துறை, பிற துறைகளில் இவ்வளவு கூர்மையாக எழாத ஓர் அறக்கேள்வியை எழுப்புகிறது. வணிகர் தம் தொழிலைப் பெருக்கினால் பெருகுவது அவருடைய முதல். அரசு அலுவலர் ஒரு படி மேலே போனால் அவர் கையில் சேர்வது பிறருக்குச் சொந்தமான அதிகாரம்: மக்களின் வரிப்பணம், மக்களின் நிலம் பற்றிய கோப்பு, ஒரு முதியவருக்கு உதவித்தொகை உண்டா இல்லையா என்று தீர்மானிக்கும் கையெழுத்து. பிறர் உடைமையைக் காக்கும் பொறுப்பைத் தனக்குக் கூட்டித் தரும்படி ஒருவர் விரும்பலாமா? விரும்பலாம் என்றால் எந்த எல்லைவரை?

பதவி உயர்வு என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று பொருள்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, ஊதியமும் வசதியும். இரண்டு, மதிப்பும் படிநிலையும். மூன்று, பெரிய வேலையைச் செய்வதற்கான அதிகாரம். இவற்றை விரும்புவதன் அறத்தன்மை ஒன்றுக்கொன்று மாறுபடும். பல நூற்றாண்டுகளாகச் சமயச் சிந்தனையாளர்களும் தத்துவ அறிஞர்களும் இந்தக் கேள்வியில் எதிரெதிர் முடிவுகளை எட்டியதுபோல் தோன்றுவதற்குக் காரணம், அவரவர் இம்மூன்றில் வெவ்வேறொன்றைக் கண்முன் வைத்துப் பேசியதுதான்.

பட்டமும் படிகளும்

நிர்வாகத்தைத் தனியொரு பாடமாகப் படிக்க வேண்டும் என்ற வாதத்தை உட்ரோ வில்சன் 1887இல் எழுதிய கட்டுரை முன்வைத்தது. அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் 1924இல் தொடங்கிய மேக்ஸ்வெல் பள்ளி இத்துறையில் முதுநிலைப் பட்டம் வழங்கிய முன்னோடி நிறுவனம். இந்தியாவில் பால் ஆப்பிள்பி அளித்த அறிக்கையை அடுத்து 1954இல் புதுதில்லியில் இந்தியப் பொது நிர்வாக நிறுவனம் உருவானது. 1987 முதல் குடிமைப் பணித் தேர்வில் பொது நிர்வாகம் விருப்பப் பாடமாக இடம்பெற்றது.

ஆயினும் இந்தியாவில் இந்தப் பட்டம் எந்த உயர்பணிக்கும் நுழைவுச் சீட்டு அல்ல. ஒன்றிய அரசின் குடிமைப் பணித் தேர்வுக்கும் தமிழ்நாட்டின் குரூப் 1 தேர்வுக்கும் பொதுவாக ஏதேனும் ஒரு பட்டம் இருந்தால் போதும். பொது நிர்வாகத்தில் இளநிலைப் பட்டம் வழங்கும் தேசிய நிறுவனங்களை அமைத்து, அங்கு படித்தோர் குடிமைப் பணிக்கு வரும் வழியை ஏற்படுத்த வேண்டும் என்று இரண்டாம் நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2008இல் பரிந்துரைத்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே பட்டம் பெற்றவர் ஏறும் படிகள் மற்றவர் ஏறும் அதே படிகள்தான்: பணிமூப்பு, துறைத் தேர்வு, ஆண்டுதோறும் மேலதிகாரி எழுதும் மதிப்பீட்டு அறிக்கை, பதவி உயர்வுக்குத் தகுதியானோரின் பட்டியலான பேனல்.

இந்த நிலை அறக்கேள்வியைத் தெளிவாக்குகிறது. பட்டம் பதவியைத் தானாகக் கொண்டுவராது என்றால், அது வேறு எதைக் கொடுத்தது என்று கேட்டாக வேண்டும். வரவுசெலவுத் திட்டம் எப்படி உருவாகிறது, அதிகாரத்தைக் கீழ்மட்டத்துக்குப் பகிர்ந்தளிப்பதில் என்ன சிக்கல், ஒரு நலத்திட்டம் பயனாளியை அடையும் முன் எங்கே தடைபடுகிறது ஆகியவற்றைக் காணும் கண்ணை அது கொடுத்திருக்கலாம். அந்தக் கண் பெற்றவருக்குத் தாம் இப்போது வகிக்கும் பதவியிலேயே செய்ய வேண்டியது கூடியிருக்கிறது. சீன அறிஞர் மென்சியஸ் இதே இடத்தைத் தொட்டிருக்கிறார். மனிதநேயம், நேர்மை, நல்லதில் சலியாத மகிழ்ச்சி ஆகியவை வானம் தந்த பட்டங்கள், அமைச்சர், உயர் அலுவலர் என்பவை மனிதர் தந்த பட்டங்கள் என்று அவர் பிரித்தார். முன்னோர் முதல் வகையை வளர்த்தனர், இரண்டாம் வகை தானே பின்தொடர்ந்தது. இன்றையோர் இரண்டாம் வகையை அடைவதற்காக முதல் வகையைப் பயில்கிறார்கள், அடைந்தவுடன் பயின்றதைக் கைவிடுகிறார்கள் என்பது அவருடைய கண்டனம். பதவி உயர்வுக்காக மட்டும் படித்து, உயர்வு கிடைத்ததும் படிப்பை மூடிவைக்கும் எவருக்கும் இக்கண்டனம் பொருந்தும்.

நாடாதே என்ற மரபு

பதவியை நாடக் கூடாது என்ற கருத்து உலகின் பல சமயங்களிலும் தத்துவ மரபுகளிலும் வலுவாக உண்டு. பிளேட்டோவின் 'குடியரசு' நூலின்படி, ஆளப்போகிறவர்கள் ஆட்சியை மிகக் குறைவாக விரும்பும் நகரமே நன்றாக ஆளப்படும். ஆட்சியைவிட மேலான வாழ்க்கை ஒன்றை அறிந்தவரே ஆட்சியைத் தனக்கென்று பிடித்துக்கொள்ளாமல் நடத்துவார் என்பது அதன் காரணம். யூத மறையின் நியாயாதிபதிகள் நூலில் வரும் யோத்தாமின் கதையும் இதைத்தான் சொல்கிறது. மரங்கள் தமக்கு அரசனைத் தேடுகின்றன. ஒலிவமும் அத்தியும் திராட்சையும் தத்தம் பயனை விட்டுவர மறுக்கின்றன. முட்செடி மட்டும் உடனே சம்மதிக்கிறது. பயன் தரும் வேலை கையில் இல்லாதவனே பதவிக்கு விரைகிறான் என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது.

இஸ்லாமிய மரபில் இந்த எச்சரிக்கை இன்னும் நேரடியானது. தலைமைப் பொறுப்பைக் கேட்டுப் பெற வேண்டாம்; கேட்டுப் பெற்றால் அதன் சுமையோடு தனியே விடப்படுவீர், கேட்காமல் வந்தால் உதவி பெறுவீர் என்று நபிகள் நாயகம் தம் தோழர் அப்துர் ரஹ்மான் இப்னு சமுராவிடம் கூறியதாக நபிமொழித் தொகுப்புகள் பதிவு செய்கின்றன. பதவி கேட்ட அபூதர்ரிடம், அது ஓர் அமானிதம் என்றும், அதன் உரிமையை நிறைவேற்றியவரைத் தவிர மற்றவர்களுக்கு இறுதி நாளில் இழிவாகவும் வருத்தமாகவும் முடியும் என்றும் நபிகள் சொன்னார். அபூதர் பக்தியில் குறைந்தவர் அல்லர். அந்த வேலைக்கான வலிமை அவரிடம் இல்லை என்பதே மறுப்பின் காரணம். நல்லவராய் இருப்பதும் பதவிக்குத் தகுதியாய் இருப்பதும் ஒன்றல்ல என்பதை இந்நிகழ்ச்சி நிலைநாட்டுகிறது. பின்னாளில் இப்னு தைமிய்யா ஆட்சி நெறி பற்றி எழுதிய நூலில் வலிமை, நம்பகம் ஆகிய இரண்டையும் பதவியின் அடிப்படைத் தகுதிகளாக வைத்தார்.

கிறிஸ்தவ மரபில் செபதேயுவின் மக்கள் இருவர் இயேசுவின் வலப்பக்கமும் இடப்பக்கமும் அமர இடம் கேட்கிறார்கள். பெரியவராக விரும்புகிறவர் மற்றவர்களுக்குத் தொண்டராக வேண்டும் என்பதே அவர்கள் பெற்ற பதிலின் சாரம். புனித அகுஸ்தினார் தம் 'கடவுளின் நகரம்' நூலின் 19ஆம் பகுதியில், மக்களை ஆள உயர்பதவி தேவைதான், அதைத் தகுந்தபடி நடத்துவதும் நன்று, ஆனால் அதை நாடி அலைவது தகாது என்கிறார். உண்மையின் மீதுள்ள அன்பு ஓய்வைத் தேடும்; அயலார் மீதுள்ள அன்பின் கட்டாயத்தால் மட்டுமே சுமையை ஏற்க வேண்டும் என்பது அவர் முடிவு.

தகுதியுடையவர் விலகலாமா

இதே மரபுகள் மறுபக்கத்தையும் விட்டுவிடவில்லை. தகுதியுடையவர் எல்லாரும் ஒதுங்கி நின்றால் நாற்காலி காலியாக இருக்காது. யோத்தாமின் கதையில் அரசானது முட்செடிதான். நல்லவர்கள் ஆள மறுத்தால் தம்மினும் தாழ்ந்தவரால் ஆளப்படுவதே அவர்களுக்கு உரிய தண்டனை என்று பிளேட்டோவும் சொல்கிறார். அவர் கண்ட இலட்சிய நகரத்தில் உண்மையைக் கண்டவர்கள் மீண்டும் குகைக்குள் இறங்கிவர வேண்டும் என்பது கட்டாயம்.

குர்ஆனில் யூசுஃப் நபியின் வரலாறு இன்னும் தெளிவான சான்று. ஏழு ஆண்டு விளைச்சலும் ஏழு ஆண்டுப் பஞ்சமும் வரவிருப்பதை அறிந்த அவர், நாட்டின் களஞ்சியங்களுக்குத் தம்மைப் பொறுப்பாக்கும்படி எகிப்திய அரசரிடம் தாமே கேட்கிறார். தாம் காக்கவல்லவர், அறிந்தவர் என்பதைக் காரணமாகவும் சொல்கிறார். பதவியைக் கேட்காதே என்ற நபிமொழியோடு இது முரண்படுவதுபோல் தோன்றுவதால் விரிவுரையாளர்கள் இதை நெடுங்காலம் ஆராய்ந்தார்கள். அவர்களில் பலர் கண்ட சமன்பாடு இது: வேறு யாரும் அந்த வேலையைச் சரியாகச் செய்ய இயலாது, செய்யாவிட்டால் மக்கள் கெடுவார்கள், தன்னால் நேர்மையாகச் செய்ய முடியும் என்ற நிலையில் கேட்பது தகும். யூசுஃப் குறிப்பிட்டதொரு வேலையைத்தான் கேட்டார். அதற்கான அறிவு தம்மிடம் இருப்பதை மறைக்காமல் சொன்னதில் பெருமைபேசல் இல்லை. அரசர் தீர்மானிக்கத் தேவையான தகவல் அது.

13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இந்தக் கேள்வியை ஆயர் பதவியை வைத்து ஆராய்ந்தார். ஆயர் பதவியை விரும்பலாமா என்று கேட்டு, அதில் மூன்று கூறுகளைப் பிரித்தார்: பிறர் நலனுக்கான பணி, உயர்ந்த நிலை, அந்நிலையோடு வரும் மரியாதையும் பொருள் வசதியும். மூன்றாவதற்காக விரும்புவது பேராசை. இரண்டாவதற்காக விரும்புவது செருக்கு. முதலாவதற்காக விரும்புவது தன்னளவில் போற்றத்தக்கது. ஆனால் உயர்வும் அதோடு ஒட்டிவருவதால், வெளிப்படையான தேவை இல்லாதபோது தன்னை மற்றவர்க்கு மேலாக வைத்துக்கொள்ளும் துணிவு ஐயத்துக்குரியது. அடுத்த பகுதியிலேயே, மேலிடம் ஆணையிட்டு அழைக்கும்போது பிடிவாதமாக மறுப்பதும் தவறு என்று அவர் சேர்த்தார். ஊதியம், மதிப்பு, பணி என்று இன்றைய பதவி உயர்வைப் பிரித்துப் பார்க்கும் எவருக்கும் இந்தப் பகுப்பு அப்படியே பயன்படும்.

மதிப்பை விரும்புவதை முற்றிலும் பழிக்க அரிஸ்டாட்டில் உடன்படவில்லை. 'நிக்கோமாக்கிய அறவியல்' நான்காம் நூலில், மதிப்பை அளவுக்கு மீறி விரும்புபவரையும் அறவே விரும்பாதவரையும் மக்கள் குறை கூறுகிறார்கள் என்பதைச் சுட்டிக்காட்டி, இரண்டுக்கும் இடையே சரியான அளவு ஒன்று உண்டு என்றார். உரிய மதிப்பை விரும்பாதவர் பெரும்பாலும் தம் கடமையின் பெருமையையே உணராதவராக இருக்கக்கூடும். கன்பூசியஸ் அந்த அளவை நடைமுறையில் காட்டினார்: பதவி இல்லையே என்று கவலைப்படாமல், பதவிக்குரிய தகுதி தனக்கு இருக்கிறதா என்று கவலைப்பட வேண்டும் என்றார். நாடு நெறியில் நிற்கும்போது தாழ்ந்து கிடப்பதும், நெறி தவறும்போது உயர்ந்து இருப்பதும் வெட்கத்துக்குரியவை என்றும் அவர் சொன்னார். ஒருவருடைய ஏற்றம் எந்த அரசின்கீழ், எதற்கு ஈடாக நடந்தது என்பதும் கணக்கில் சேர வேண்டும் என்பதே இதன் பொருள்.

வள்ளுவரின் அளவு

திருக்குறளின் பொருட்பாலில் பதவி தேடுபவருக்குக் கூறும் அறிவுரையைவிட, பதவி கொடுப்பவருக்குக் கூறும் அறிவுரைக்கே முதலிடம். 'தெரிந்துதெளிதல்', 'தெரிந்துவினையாடல்' என்ற இரு அதிகாரங்களும் ஒருவரை ஆராய்ந்து தேர்வதையும், தேர்ந்தபின் அவரிடம் வேலையை முழுமையாக ஒப்படைப்பதையும் பேசுகின்றன. அன்பு, அறிவு, தெளிவு, அவாவின்மை ஆகிய நான்கும் உடையவரையே நம்ப வேண்டும் என்கிறார் வள்ளுவர். பதவிக்கான தகுதிப் பட்டியலிலேயே ஆசையின்மை இடம்பெறுவது கவனிக்கத்தக்கது. முதுகலைப் பட்டம் இந்த நான்கில் அறிவு ஒன்றுக்கே, அதுவும் ஓரளவுக்கே, சான்றாக நிற்க முடியும்.

அதே வள்ளுவர் ஊக்கமுடைமையில், எண்ணுவதெல்லாம் உயர்வாக இருக்க வேண்டும் என்கிறார். கைகூடாவிட்டாலும் அந்த எண்ணத்தைக் கைவிடலாகாது என்கிறார். ஆசையின்மையையும் உயர்வெண்ணத்தையும் ஒரே நூல் கேட்பதில் முரண் இல்லை. உயர வேண்டியது செயலின் தரம். அடங்க வேண்டியது தனக்கென்று வாரிக்கொள்ளும் வேட்கை. ஒருவருடைய பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலே உரைகல் என்று அவர் வைத்த அளவு, பணிமூப்பையும் பட்டத்தையும் தாண்டி நிற்கிறது. 'வினைத்தூய்மை' அதிகாரம் ஒரு படி மேலே போகிறது. பெற்ற தாயின் பசியைக் காண நேர்ந்தாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யலாகாது என்கிறார். குடும்ப நெருக்கடியைக் காட்டிப் பதவிக்காக வளைந்துகொடுப்பதை நியாயப்படுத்தும் வழி அங்கே அடைபடுகிறது.

கர்மயோகமும் இரு பயன்களும்

இந்தியக் குடிமைப் பணியின் அறமொழியில் பகவத்கீதைக்குத் தனி இடம் உண்டு. இந்திய ஆட்சிப் பணியின் இலச்சினை வாசகமே கீதையின் இரண்டாம் அத்தியாயத்திலிருந்து எடுக்கப்பட்டது. 2020 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த குடிமைப் பணித் திறன் வளர்ப்புத் திட்டத்துக்கு 'மிஷன் கர்மயோகி' என்று பெயரிட்டதும் இந்தத் தொடர்ச்சியில்தான். பயனில் பற்றில்லாமல் செயலாற்ற வேண்டும் என்ற கர்மயோகக் கொள்கையின்படி பதவி உயர்வு என்பது பயன்; அதில் பற்று வைப்பது தவறு. பேனலில் தம் பெயர் வந்ததா என்ற கவலையில் இன்றைய கோப்பைத் தவறவிடும் அலுவலருக்கு இது நல்ல மருந்து.

ஆனால் இந்தக் கொள்கையை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டால் பெரும் தீங்கு நேரும். செயலுக்கு இரண்டு பயன்கள் உண்டு: செய்பவருக்கு வருவது ஒன்று, யாருக்காகச் செய்யப்படுகிறதோ அவர்களுக்குப் போய்ச் சேர்வது மற்றொன்று. முதல் பயனில் பற்றை விடச் சொன்னதை இரண்டாவதற்கும் நீட்டினால், கடமையைச் செய்தாயிற்று, முதியோர் உதவித்தொகை போய்ச் சேர்ந்ததா என்பது என் கவலை இல்லை என்ற மனநிலை பிறக்கும். அது யோகம் ஆகாது. அலட்சியத்துக்குச் சமயச் சாயம் பூசுவதாகும். காந்தி கீதைக்கு எழுதிய 'அனாசக்தி யோகம்' முன்னுரையில், பயனைத் துறப்பது என்றால் விளைவைப் பற்றி அக்கறையில்லாமல் இருப்பது என்று பொருள் கொள்ளலாகாது; விளைவையும் வழியையும் தன் திறனையும் அறிந்தே செயலாற்ற வேண்டும் என்று விளக்கினார். கீதையின் மூன்றாம் அத்தியாயம் ஜனகரை எடுத்துக்காட்டி, உலகைத் தாங்கி நடத்துவதைக் கருதியும் செயலாற்ற வேண்டும் என்று சொல்வது இக்கருத்துக்குத் துணை. பெரிய பதவியில் இருந்தால் அதிக மக்களுக்குப் பயன் போய்ச் சேரும் என்பது உண்மையானால், அந்தப் பதவியை விரும்புவதைக் கர்மயோகம் தடுக்காது. கிடைக்காதபோது தளர்ந்து விடுவதையும், கிடைத்தபோது தன் வெற்றியாகக் கொண்டாடுவதையும் மட்டுமே அது தடுக்கும்.

மனநிறைவை யாருக்குப் போதிப்பது

பதவியை நாடாதே என்ற போதனைக்கு ஒரு பெரும் ஆபத்து உண்டு. ஏற்கெனவே மேலே இருப்பவர்கள் கீழே நிறுத்தப்பட்டவர்களிடம் அதைச் சொல்லும்போது அது அநீதியின் கருவியாகிறது. அம்பேத்கரின் வாழ்க்கை இதற்குச் சான்று. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1915இல் அவர் முதுகலைப் பட்டத்துக்கு எழுதிய ஆய்வேட்டின் பொருளே கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும்தான். பரோடா அரசரின் உதவித்தொகையில் படித்த அவர், ஒப்பந்தப்படி 1917இல் அந்த அரசில் பணியேற்றார். அவருக்கு நகரில் தங்க இடம் தருவார் இல்லை. பார்சிகளின் விடுதி ஒன்றில் பெயரை மறைத்துத் தங்கி, தடிகளோடு வந்த கூட்டத்தால் வெளியேற்றப்பட்டதை அவரே பின்னாளில் எழுதினார். அலுவலகத்திலோ கடைநிலை ஊழியர்களும் தீட்டுக்கு அஞ்சிக் கோப்புகளை அவர் மேசையில் வீசியதாக அவர் வரலாறு கூறுகிறது. நிர்வாகம் படித்த ஒருவருக்குப் பதவியின் வாசலைத் தகுதிக்குறைவு அடைக்கவில்லை, சாதி அடைத்தது. அவரிடம் மனநிறைவைப் போதித்திருந்தால் அது அறத்தையே இழிவுபடுத்துவதாகும்.

அரசமைப்புச் சட்டம் இந்தப் புரிதலைச் சட்டமாக்கியது. அரசுப் பணியில் சமவாய்ப்பை 16ஆம் உறுப்பு உறுதி செய்கிறது. 1995இல் 77ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 16(4ஏ) பிரிவு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பதவி உயர்விலும் இடஒதுக்கீடு அளிக்க வழிசெய்தது. பதவி உயர்வு பெறுவது அடிப்படை உரிமை ஆகாது என்றாலும், தகுதி உள்ளவரைப் பதவி உயர்வுக்குப் பரிசீலிக்க வேண்டும் என்பது அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் வகுத்திருக்கிறது. ஆண்டு மதிப்பீட்டில் எழுதப்படும் ஒவ்வொரு குறிப்பும் அலுவலருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று தேவ் தத் வழக்கில் 2008இல் அது தீர்ப்பளித்தது. தம் பெயர் பட்டியலில் ஏன் விடுபட்டது என்று கேட்டு மேல்முறையீடு செய்பவரைப் பதவி ஆசை கொண்டவர் என்று பழிப்பது தவறு. அவர் கேட்பது நியாயம். தனிமனிதரின் ஆசையை அடக்கும் அறமும், வாய்ப்பைச் சமமாகப் பங்கிடும் அறமும் வெவ்வேறு தளத்தில் இயங்குபவை. முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறுக்கலாகாது.

ஏறும் வழியின் சோதனை

விருப்பம் தூயதாக இருந்தாலும் ஏறும் வழி அதைக் கெடுக்கக்கூடும். மேலதிகாரியின் ஒரு வரிக் குறிப்பிலும், தமிழ்நாட்டு அரசுப் பணியாளர் ஒழுங்கு விதி 17(பி)யின்கீழ் வரும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை நிலுவையில் இல்லாமல் இருப்பதிலும் எதிர்காலம் தொங்கும்போது, உண்மையைச் சொல்லும் நா மெல்லத் தளர்கிறது. 'மன்னரைச் சேர்ந்தொழுகல்' அதிகாரத்தில் வள்ளுவர், அதிகாரத்துக்கு அருகில் இருப்பவர் குளிர்காய்பவரைப் போல அகலாமலும் மிக நெருங்காமலும் இருக்க வேண்டும் என்கிறார். மாக்ஸ் வேபர் 1919இல் மியூனிக்கில் ஆற்றிய உரையில், தமக்குத் தவறாகத் தோன்றும் ஆணையை எதிர்த்து எடுத்துரைத்து, மேலிடம் வலியுறுத்தினால் அதைத் தம் சொந்த நம்பிக்கைக்கு ஏற்றதுபோல் சரிவர நிறைவேற்றுவதே அலுவலரின் மானம் என்றார். அவர் சொன்னதில் முதல் பாதியாகிய எடுத்துரைத்தலைப் பதவி ஆசை விழுங்கிவிடுகிறது. இரண்டாம் பாதிக்கோ ஓர் எல்லை தேவை: வெளிப்படையான சட்டமீறலையும் கொடுமையையும் எந்த ஆணையும் நியாயப்படுத்தாது என்பதை 20ஆம் நூற்றாண்டின் வரலாறு காட்டிவிட்டது. டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம், அலுவலர்கள் வாய்மொழி ஆணைகளை மட்டும் நம்பிச் செயல்படக் கூடாது, அவற்றை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்றது. எழுத்தில் தாருங்கள் என்று பணிவோடு கேட்கத் தயங்கும் அலுவலர், எதை இழக்க அஞ்சித் தயங்குகிறோம் என்று தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நல்ல நோக்கமும் கணக்கிலிருந்து விலக்குத் தராது. மாணிக்கவாசகர் பாண்டியனின் அமைச்சராக இருந்தபோது குதிரை வாங்கக் கொண்டுபோன அரசுப் பணத்தைத் திருப்பெருந்துறையில் சிவப்பணிக்குச் செலவிட்டார் என்பது சைவ மரபு. அந்த வரலாறு பக்தியின் பெருமைக்காகச் சொல்லப்படுவது. ஆனால் அரசன் கணக்குக் கேட்டதைத் தவறு என்று அம்மரபு ஒதுக்கிவிடவில்லை. கணக்குக்கு ஈடாகக் குதிரைகளைக் கொண்டுவர இறைவனே வர வேண்டியிருந்தது. அடியார் அமைச்சுப் பதவியைத் துறந்து வெளியேறிய பிறகே அவருடைய ஞானவழி முழுமை பெற்றது. பொதுப் பணத்துக்கும் தனிப்பட்ட புனித நோக்கத்துக்கும் இடையே உள்ள கோட்டை அழிக்காமல் ஒருவர் இரண்டில் ஒன்றைத் தேர வேண்டும் என்று இவ்வரலாற்றை நிர்வாகம் பயின்றவர் படிக்கலாம்.

அமைப்பின் பங்கு

தனிமனிதரின் மனத்தூய்மையை மட்டும் நம்பி எந்த அரசும் இயங்க முடியாது. பரிந்துரைக் கடிதத்தை நம்பியிராமல் திறமையைச் சோதித்து ஆளெடுக்கும் சீனத் தேர்வு முறை சூயி அரசமரபில் தோன்றி 1905 வரை நீடித்தது. 10ஆம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், ஊர் வாரியத்துக்கு ஆள் தேரும் குடவோலையில் பெயர் எழுதத் தகுதியுடையவர் யார் என்று வரையறுத்தன. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவரையும், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும், அவருடைய உறவினரையும் அவை விலக்கின. நிலமும் வேதப் பயிற்சியும் உள்ள பிராமண ஊரார்க்கு மட்டுமே உரிய அவை அது. அதன் எல்லை குறுகியது. ஆனாலும் பதவி ஒருவரிடம் தங்கி ஊறிவிடக் கூடாது, கணக்குக் காட்டாதவர் திரும்பி வரக் கூடாது என்ற இரு விதிகளும் ஆசையின் தீங்கை நன்கு அறிந்து எழுதப்பட்டவை.

இன்றைய அமைப்பில் இதற்கு இணையாகச் செய்யத்தக்கது ஊதியத்தையும் பதவியையும் பிரிப்பது. தமிழ்நாட்டில் ஒரே பதவியில் 10 ஆண்டு முடித்தவருக்குத் தேர்வுநிலை, 20 ஆண்டு முடித்தவருக்குச் சிறப்புநிலை என்று ஊதிய ஏற்றம் உண்டு. ஒன்றிய அரசுப் பணியில் பதவி உயர்வு கிட்டாதவர்க்கு 10, 20, 30 ஆண்டுகளில் நிதி மேம்பாடு தரும் திட்டம் 2008 முதல் இருக்கிறது. தேக்கத்தைப் போக்கும் நிர்வாக ஏற்பாடுகளாகவே இவை கருதப்படுகின்றன. ஆனால் இவற்றுக்குள் ஆழ்ந்த அறக்கருத்து இருக்கிறது. குழந்தைகளின் படிப்புச் செலவுக்காக, தமக்கு விருப்பமும் திறனும் இல்லாத மேற்பதவியைத் தேடும் நிலையை அவை குறைக்கின்றன. அக்குவினாஸ் பிரித்த மூன்று கூறுகளில் பொருள் வசதியைத் தனியே கொடுத்துவிட்டால், மேலே ஏற விரும்புபவர் பணியை விரும்புகிறாரா, படிநிலையை விரும்புகிறாரா என்பது தெளிவாகும். சிறந்த கிராம நிர்வாக அலுவலர் அந்தப் பணியிலேயே மதிப்போடும் போதிய ஊதியத்தோடும் ஓய்வு பெற முடிகிற அமைப்பே நேர்மையான பதவி உயர்வுக்கும் இடம் கொடுக்கும்.

இதே காரணத்தால் பதவி உயர்வை ஏற்காமல் உரிமைவிடல் கடிதம் கொடுப்பதையும் மதிப்பிட வேண்டும். வெளி மாவட்டத்துக்கு மாறுதல் வரும் என்பதால் பலர் அதைச் செய்கிறார்கள். நோயுற்ற பெற்றோரைப் பார்த்துக்கொள்வதற்காக உயர்வை விடுபவர் ஒரு கடமைக்காக மற்றொன்றை விடுகிறார், அதில் குறையில்லை. பொறுப்புக்கு அஞ்சியோ, பழகிய இடத்தின் வசதியை இழக்க மனமில்லாமலோ விடுபவர், தம் திறனுக்கு உரிமை உள்ள மக்களிடமிருந்து அதை ஒளித்துவைக்கிறார். துறவு என்ற பெயர் எல்லாத் துறத்தலுக்கும் பொருந்தாது.

விருப்பத்தைச் சோதிக்கும் கேள்விகள்

மேற்கண்ட மரபுகளைச் சேர்த்துப் பார்த்தால் பதவி உயர்வை விரும்புவதன் அறத்தன்மையைச் சோதிக்கும் கேள்விகள் ஐந்து தேறுகின்றன. அந்தப் பதவியில் செய்ய நினைக்கும் வேலை எது என்று ஒருவரால் குறிப்பிட்டுச் சொல்ல முடிகிறதா? யூசுஃப் களஞ்சியத்தைக் குறிப்பிட்டதுபோல் சொல்ல முடியாவிட்டால், விரும்பப்படுவது நாற்காலி மட்டுமே. அந்த வேலைக்கான வலிமையும் நம்பகமும் இருப்பதற்கு இப்போதைய பதவியின் செயல் சான்று தருகிறதா? அதை அடையும் வழியில் மறைக்க வேண்டிய செயல் ஏதேனும் உண்டா? தம்மினும் தகுதியான ஒருவருக்கு அப்பதவி போனால், வேலை நடக்கும் என்று மகிழ முடியுமா? தவறான ஆணைக்கு இணங்குவதா, பதவியை இழப்பதா என்ற நிலை வந்தால், இழக்கும் துணிவு இருக்கிறதா?

இவற்றுக்கு நேர்மையாக விடை சொல்லக்கூடியவர் பதவி உயர்வை விரும்புவது அறத்துக்கு உட்பட்டது; மக்கள் நலன் கேட்கும்போது அது கடமையாகவும் ஆகலாம். விடை சொல்ல முடியாதவருக்கு எந்தப் பட்டமும் அந்தக் குறையை ஈடு செய்யாது. பொது நிர்வாகக் கல்வி ஒருவருக்கு அதிகாரத்தின் இயக்கத்தைக் கற்றுத் தருகிறது. அந்த அதிகாரம் யாருடையது என்பதையும் அது சேர்த்துக் கற்பிக்குமானால், படிப்புக்குப் பின் வரும் ஒவ்வொரு உயர்வும் மக்களிடம் வாங்கிய கடனின் அளவு கூடுவதாகவே அவருக்குத் தோன்றும். அவ்வாறு உணர்பவரிடம் கூடுதல் அதிகாரத்தை ஒப்படைப்பதில் மக்களுக்கு இழப்பு இல்லை.